அடுத்த வாக்கியம்

சனிக்கிழமை சாயங்காலம் மூன்றாவது மாடியில் அந்த வீட்டுக்குள் நுழைய வேண்டுமென்றால் ஒரு வாக்கியம் கொடுக்க வேண்டும். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், கதவு பாதி திறந்திருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். சொந்தமாக யோசித்தது செல்லாது. அந்த வாரத்தில் யாரோ யாரிடமோ பேசி, காதில் விழுந்ததாக இருக்க வேண்டும். யார் சொன்னது என்று சொல்லக் கூடாது. யாரும் கேட்கவும் கூடாது. ஒரே ஒரு வாக்கியம். அதுதான் நுழைவுச் சீட்டு.

கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் கமா. மருந்துப் பெட்டிக்குள் மாத்திரை அட்டையோடு பலமுறை மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, யாரும் பிரித்துப் படிக்காத தாள், அதைப் படிப்பதற்கென்றே சம்பளம் வாங்குபவர் அவர். அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலை. எறும்புக்கால் எழுத்து. ஒரு புள்ளி விட்டுப்போனால் அரை மாத்திரை ஐந்து மாத்திரை ஆகிவிடும். குனிந்து குனிந்து கழுத்து முன்னால் வளைந்துபோய், பக்கவாட்டில் பார்த்தால் அப்படியே ஒரு காற்புள்ளி எழுந்து நிற்பதுபோல இருப்பார். பெயரை முதலில் வைத்தவன் சொந்த மகன்தான். அது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார். பெயர் பொருத்தமாக அமைந்துவிட்டதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

வகுப்பு தொடங்கியதும் மகனால்தான். ஆறாம் வகுப்பில் இருந்தபோது 'என் பொழுதுபோக்கு' என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வந்தான். 'புத்தகங்களே என் உயிர்த் தோழர்கள்' என்று ஆரம்பித்தது.

"நீ என்னிக்குடா புத்தகத்தக் கையால தொட்ட?"

"அப்பா, அது கட்டுரைப்பா. கட்டுரையில யாராவது உண்மைய எழுதுவாங்களா?"

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. தண்ணீர் நனைக்கும் என்பதுபோலச் சொன்னான். வகுப்பில் அத்தனை பேருக்கும் அதே உயிர்த் தோழர்கள்தானாம். வழிகாட்டி நூலில் அப்படித்தான் போட்டிருக்கிறதாம். அன்று ராத்திரி கமா அந்தக் கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"மத்தவங்க எழுதினதப் படிச்சுப் படிச்சுத்தான் என் கழுத்து இப்படி ஆச்சு. இதுங்களும் வளையணுமா" என்றார் மனைவியிடம்.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுபவள். பேச்சும் அப்படித்தான், விளிம்பு தேய்த்து அளவாக வரும். "வளையாம இருக்கச் சொல்லிக் குடுங்களேன். சனிக்கிழமையில சும்மாதானே படுத்துக் கெடக்கறீங்க" என்றாள்.

அப்படித்தான் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலு பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். மகன். மகனின் நண்பன் 'லிஃப்ட்'. அவன் அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர், அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சரி செய்தவர். எந்தப் பக்கம் எழுதினாலும் சொற்களை எண்ணி ஓரத்தில் குறித்துவைக்கும் 'கணக்கு' என்கிற பெண். அப்புறம் 'தொப்பி'.

மேசைக்கு ஒரு கால் குட்டை. மடித்த மருந்துத் தாள் ஒன்றை அதற்குக் கீழே செருகியிருந்தார். மனைவி கடையிலிருந்து கீறல் விழுந்த லென்ஸ்களைக் கொண்டுவந்து கொடுப்பாள். ஆளுக்கு ஒன்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்து, பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். 'சைக்கிளில் போனவருக்குத் தலை இல்லை, ஆனால் அவசரம் இருந்தது' என்று லிஃப்ட் எழுதிய நாளில் கமா அந்தத் தாளை அச்சகத்துக்கு எடுத்துப்போய் மெஷின் ஓட்டுபவரிடம் காட்டினார்.

ஆனால் அவருக்கு உயிர், வாசலில் வாங்கும் வாக்கியம்தான்.

"'நேத்து நல்லாத்தானடா இருந்த'. இது ஒருத்தர் மனுசன்கிட்டச் சொல்லல அங்கிள், மிஷின்கிட்டச் சொன்னாரு."

"உள்ள வா."

"'வீட்டுப்பாடம் முடிச்சியா?'"

"பழசு. வேற."

"'பத்திரமா போயிட்டு வா.'"

"அதவிடப் பழசு. எல்லா வீட்டுலயும் எல்லாரும் சொல்றதுக்கு எதுக்குக் காது? வேற."

"'பல்லு வலின்னு வந்துட்டு வாயத் தொறக்க மாட்டேங்கறீங்களே, நான் என்ன கனவுலயா பிடுங்கறது?'"

"அருமை. உள்ள வா."

அருமை என்ற சொல்லை அவர் சில்லறைபோல இறைக்கிறவர் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். அதற்காகப் பிள்ளைகள் பேருந்து நிறுத்தத்தில், பல் மருத்துவமனையில், படிக்கட்டு வளைவில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். நாள் முழுக்கக் கேட்டதில் எது செல்லும், எது செல்லாது என்று பிரிக்கப் பழகினார்கள். எவ்வளவு சீக்கிரம் பழகினார்கள் என்று அவர் மனைவியிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டதும் உண்டு.

தொப்பி முதல் மாடியில் அம்மாவுடன் இருந்தாள். ஏழாம் வகுப்பு. சட்டையோடு சேர்ந்த தலைமூடியை வீட்டுக்குள்ளும் கழற்ற மாட்டாள் என்பதால் அந்தப் பெயர். அப்பா வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருந்தார். கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுப் பேசாத செய்தி அது. அம்மாவுக்கு ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் மேற்பார்வை வேலை. நீராவியில் வெந்து சிவந்த கைகள். படியில் எதிரே வந்தால் சோப்பு வாசனை முதலில் வரும், அவர் பின்னால் வருவார்.

மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை தொப்பி கடைசியாக வந்தாள். கமா கதவைப் பாதி திறந்து நின்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அழைப்பு மணியின் பொத்தானைப் பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள்:

"'இந்தப் பொண்ணு மட்டும் இல்லன்னா நான் எப்பவோ கிளம்பிப் போயிருப்பேன்.'"

கமாவுக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. அந்த 'எப்பவோ'. ஒரு சொல்லுக்குள் எத்தனை வருடம் மடங்கிக் கிடக்கிறது. ஒரு பெட்டி, ஒரு வாசல், வாசலைத் தாண்டாத ஒரு கால், எல்லாம் அதற்குள் இருந்தன.

"அருமை" என்றார். "ரொம்ப அருமை. உள்ள வா."

தொப்பி குனிந்து செருப்பைக் கழற்றினாள். வார் ஈரத்தில் இறுகியிருந்தது, நேரம் எடுத்தது. அவர் அதற்குள் மேசைக்குப் போய், இன்றைக்கு ஒரு வாக்கியம் வந்திருக்கிறது பாருங்கள் என்று மற்றவர்களிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பிற்பாடு அந்த நிமிடத்தை எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்திருக்கிறார். வாக்கியம் அப்படியே நினைவில் இருந்தது, மழைச் சத்தம் இருந்தது, ஈரச் செருப்புகூட இருந்தது. பெண்ணின் முகம் மட்டும் இல்லை. அவர் பார்க்கவே இல்லை.

அந்த வாக்கியத்தை வைத்துத் தொப்பி ஒரு கதை எழுதினாள். கட்டிலுக்கு அடியில் எப்போதும் தயாராக ஒரு பெட்டி வைத்திருக்கும் அம்மா. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு தொலைபேசியில் பேசும் அம்மா. அவள் போகாமல் இருப்பதற்குக் காரணமான மகள், தன்னுடைய பாரத்தைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கிறாள். குதிகால் படாமல் நடக்கிறாள். தட்டில் பாதியை மிச்சம் வைக்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாக எடை இல்லாமல் ஆகிவிட்டால் அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சுலபமாக இருக்கும் என்று நினைக்கிறாள்.

கமா அதைப் படித்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கழுத்துக்கு அது பெரிய காரியம்.

"அந்தக் குழாய்த் தண்ணி நல்லா இருக்கு. எப்படித் தோணுச்சு?"

"தோணுச்சு" என்றாள் தொப்பி.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. யார் சொன்னது என்று கேட்கக் கூடாது என்பதுதானே விதி. விதி அவர் போட்டது, அன்றைக்கு அவருக்கு ரொம்ப வசதியாகவும் இருந்தது.

முதலில் எழுதியதில் முடிவு வேறு மாதிரி இருந்தது. அம்மா பெட்டியை இழுத்துப் பிரித்து, உள்ளே இருந்த துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்குகிறாள். கமா அந்தப் பத்தியில் பென்சிலை வைத்துத் தட்டினார்.

"இது நம்பும்படியா இல்லயேம்மா. நல்லபடியா முடியணும்னு நீ ஆசப்பட்டு எழுதின மாதிரி இருக்கு. பெட்டி மூடியே இருக்கட்டுமே."

தொப்பி தாளைப் பார்த்தாள். "மூடியே இருக்கட்டுமா?"

"ஆமா. அதுதான் உண்மையா இருக்கும்."

அவள் அந்தப் பத்தியை அடித்தாள். கோணாமல், அளவுகோல் வைத்து அடித்தாள்.

அந்த நாட்களில்தான் மகன் சாப்பிடும்போது ஒருநாள் போகிற போக்கில் சொன்னான்: "தொப்பி இப்பல்லாம் மதியச் சாப்பாட்ட லிஃப்ட்டுக்குக் குடுத்துடுறா. அவன் ரெண்டு டப்பாவும் காலி பண்றான். இனிமே அவன் ஏறினா அந்த லிஃப்ட் நகராது பாத்துக்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். கமாவும் சிரித்தார்.

வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகள் எழுதியதைப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டுவது வழக்கமாகியிருந்தது. முன்னறையில் சோபாவைச் சுவரோரம் தள்ளி, அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய நாற்காலிகளைப் போட்டார்கள். லிஃப்ட்டின் அப்பா வேலை உடையிலேயே வந்து முன்வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்தார். தொப்பியின் அம்மா தாமதமாக வந்து, செருப்பு அடுக்கு பக்கத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் அன்றைய நிகழ்ச்சி விவரம். கணக்கு தன் கையால் எழுதி, ஒவ்வொரு தலைப்புக்கும் எத்தனை சொல் என்றும் போட்டிருந்தாள்.

கணக்கு வாசித்தாள். மகன் வாசித்தான். லிஃப்ட் வாசித்தபோது அவன் அப்பா, "இது நான் சொன்னதுடா, இதுவும் நான் சொன்னதுடா" என்று நடுநடுவே உரிமை கொண்டாடி அறையைச் சிரிக்க வைத்தார். "அண்ணே, விதிப்படி அத நீங்க சொல்லக் கூடாது" என்றார் கமா. "என் வாய்க்குமா உங்க விதி?" என்றார் அவர்.

கடைசியில் தொப்பி எழுந்தாள். அவள் குரல் சின்னது; அறை தானாக அடங்கியது. குழாய்ச் சத்தம் வந்தது. பெட்டி வந்தது. அந்த வாக்கியம் வந்தபோது யாரோ 'ச்ச்' என்றார்கள், நல்ல வரிக்குக் கொட்டுகிற 'ச்ச்'. கமாவின் உதடு அவளோடு சேர்ந்து ஓசையில்லாமல் அசைந்தது. அறையில் அந்த வரி எப்படி விழுகிறது என்று பார்க்கத்தான் அவர் தலையைத் திருப்பினார்.

தொப்பியின் அம்மா கையிலிருந்த தாளை இரண்டாக மடித்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நகத்தால் தேய்த்து, திரும்ப இரண்டாக. திரும்ப. அதற்கு மேல் மடிக்க முடியாத அளவுக்கு அது சின்னதானதும் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். முகத்தில் ஒன்றுமில்லை. வேலையிடத்தில் விரிப்புகள் எண்ணும்போது எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

கைத்தட்டல் முடிவதற்குள் எழுந்துவிட்டார். "வேலைக்கு நேரமாச்சு" என்று கமாவின் மனைவியிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். தொப்பி தாளோடு நடு அறையில் நின்றாள். பிறகு அவளும் போனாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குதிகால் படாமல்.

நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து கமா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அவங்களுக்கு இன்னிக்கு லீவு. வரும்போது என்கிட்டச் சொன்னாங்க."

கமா துடைத்த இடத்தையே துடைத்தார்.

"அது அவங்க பேசினதுதானே?"

"யாரு பேசினதுன்னு கேக்கறதில்ல. அது விதி."

"நான் கேக்கல. உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கறேன்."

கமா துணியை நாலாக மடித்து மேசை ஓரத்தில் வைத்தார். அதுவே பதிலாகப் போய்விட்டது.

"அந்தப் புள்ள உங்ககிட்ட வந்து, எங்கம்மாவுக்கு நான் பாரமா இருக்கேன்னு சொல்லியிருக்கா. வேற யாருகிட்டச் சொல்லுவா? யாருன்னு கேக்க மாட்டாங்கன்னு தெரிஞ்ச ஒரே வாசல் இதுதான். நீங்க என்ன பண்ணீங்க? மார்க் போட்டீங்க."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்கு ஏதாவது சத்தம் போட்டிருக்கலாம். அவள் தட்டுகளை அடுக்குவதுபோலச் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

கமா மேசையில் உட்கார்ந்தார். இரண்டு டப்பா காலி பண்ணும் லிஃப்ட் நினைவுக்கு வந்தான். குதிகால் படாமல் நடக்கும் பெண் அவர் வீட்டுக்குள்ளேயே எத்தனை வாரமாக அப்படி நடந்திருக்கிறாள். எழுத்தில் பார்த்தார், தரையில் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, அவளே ஆசைப்பட்டு எழுதிய அந்த ஒரு நல்ல முடிவையும் பென்சிலால் தட்டி வெளியேற்றியவர் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மாடி இறங்கிப் போவதற்குள் என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் எழுதி, அடித்து, திரும்ப எழுதினார். முதல் மாடியில் மணியை அழுத்தியதும் எல்லாம் கலைந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. உள்சங்கிலியை எடுக்காமலே தொப்பியின் அம்மா பார்த்தார்.

"வாங்க சார்" என்றார். சங்கிலி அப்படியே இருந்தது. "உங்க வீட்டுக்குள்ள வரணும்னா ஒரு வாக்கியம் சொல்லணுமாமே. எங்க வீட்டுக்கும் ஒண்ணு சொல்லுங்க."

கமா வாயைத் திறந்தார்.

"தப்புப் பண்ணிட்டேங்க."

"பழசு" என்றார் தொப்பியின் அம்மா.

கமா வேறு ஒன்று தேடினார். கிடைக்கவில்லை. குனிந்தபடி நின்றார். சங்கிலி கழலும் சத்தம் கேட்டது.

"பரவால்ல, வாங்க. எங்க வீட்ல பழசும் செல்லும்."

ஒரே அறை. நடுவில் கொடி கட்டி வீட்டு விரிப்புகள் காயப் போட்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் கட்டிலில் தொப்பி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கட்டிலுக்கு அடியில் அவர் கண் போனது. பெட்டி ஏதும் இல்லை. பழைய செய்தித்தாள்களும் ஒரு இஸ்திரிப் பெட்டியும் இருந்தன. அங்கே பார்த்ததற்காகவும் வெட்கப்பட்டார்.

"இதுல எனக்கு ஒரு சந்தேகம் சார்" என்றார் தொப்பியின் அம்மா. நின்றுகொண்டேதான் பேசினார். "அன்னிக்கு வேலையில ஒரு விரிப்பு தீஞ்சுபோச்சு. யாரோ பண்ணினதுக்கு நான் பேச்சு வாங்கினேன். வந்து தங்கச்சிகிட்ட போன்ல பொலம்பினேன். அவ ரொம்ப நாளா இங்க வந்துடு, நல்ல வேலை இருக்குன்னு கூப்பிடுறா. புள்ளைய பள்ளிக்கூடத்துலருந்து பிடுங்கிட்டு எங்க போறது? அலுப்புல வாய்ல வர்றதெல்லாம் வாக்கியமா சார்?"

"இல்லீங்க."

"ஏய், இங்க பாரு. அதுக்கடுத்து நான் என்னடி சொன்னேன்?"

தொப்பி திரும்பவில்லை.

"கேட்டியா கேக்கலியா?"

"கேட்டேன்."

"சொல்லு."

"'அவ இருக்கா, அதனாலதான் நானும் இருக்கேன். அவ இல்லாம எனக்கு எங்க போயி என்ன ஆகணும்'னு சொன்ன."

"அப்பறம்? அத ஏன் அங்க சொல்லல?"

"ஒரு வாக்கியம்தான் சொல்லணும்."

"அதுக்கு இத எடுப்பியா? அத எடுத்திருக்கலாமில்ல?"

"அது எல்லா அம்மாவும் சொல்றதும்மா" என்றாள் தொப்பி. விளக்கம் கொடுப்பவள்போல, கோபம் இல்லாமல் சொன்னாள். "வாசல்ல சொன்னா அங்கிள் பழசுன்னுடுவாரு."

தொப்பி இப்போது திரும்பி, முதல்முறையாகக் கமாவை நேராகப் பார்த்தாள்.

"நான் முதல்ல அத நம்பல அங்கிள். அம்மா கோவத்துல சொல்றாங்கன்னுதான் நெனச்சேன். நீங்கதான் அருமைன்னீங்க. ரொம்ப அருமைன்னீங்க. பெட்டி மூடியிருந்தாத்தான் உண்மைன்னீங்க. உண்மையா இருக்கறதத்தானே நீங்க நல்லாருக்குன்னு சொல்வீங்க?"

மூன்று வருடமாக அந்த மேசையில் அவர் சொல்லிவந்தது அதைத்தான். பொய்யாக எழுதினால் வாக்கியம் காட்டிக்கொடுத்துவிடும். உண்மை என்றால் அது ஒலிக்கும். பிள்ளை அதை ஒரு சொல் விடாமல் கற்றுக்கொண்டிருந்தது. கற்றுக்கொண்டதை வீட்டுக்கு எடுத்துவந்து, அம்மாவின் இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது ஒலிக்கிறது என்று பார்த்திருக்கிறது.

"நான் அருமைன்னது அந்த வாக்கியத்த" என்றார். "அதச் சொன்ன விதத்த. அதுல இருந்த விஷயத்த இல்லம்மா."

"ரெண்டும் வேறயா?"

அவர் யோசித்தார். நேர்மையாக யோசித்தார். அவருக்குத் தெரிந்த பதில் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது. ஒருவேளை எந்த வயதுக்கும் ஆகாது.

"வேறதான். எனக்கே அது சரியாத் தெரியாம உங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன்."

தொப்பியின் அம்மா கொடியிலிருந்து காய்ந்த விரிப்பு ஒன்றை இழுத்தார்.

"எந்திரிடி. அந்தப் பக்கம் பிடி."

தொப்பி எழுந்து இரண்டு முனைகளைப் பிடித்தாள். இருவரும் பின்னால் போய் இழுத்து உதறினார்கள். பிறகு நடுவில் வந்தார்கள், முனை கைமாறியது. திரும்பப் பின்னால். திரும்ப நடுவில். கமா சுவரோரம் ஒட்டி நின்று வழிவிட்டார். ஒவ்வொரு மடிப்புக்கும் தூரம் பாதியாகக் குறைந்தது. கடைசி மடிப்பில் இருவர் விரல்களும் ஒரே இடத்தில் இருந்தன.

"வேலையில இதுக்கு மிஷின் இருக்கு" என்றார் அம்மா, மகளின் தலைமூடியைப் பின்னால் தள்ளியபடி. "வீட்ல இல்ல. தனியா மடிச்சாக் கோணிக்கிட்டுப் போகும். போயிருப்பாளாம் எப்பவோ. எவ இழுத்துப் பிடிப்பா அங்க?"

தொப்பி சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த விரிப்பை அவளே கொடியிலிருந்து எடுத்தாள்.

"மத்தியானம் சாப்பாட்ட யாருக்கோ குடுக்கறியாமே" என்றார் அம்மா. அவருக்கு அது தெரியும் என்பது கமாவுக்குப் புதிது. மனைவி அவருக்கு முன்னாலேயே கீழே வந்துபோயிருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. "நாளைலருந்து டப்பாவ நான் மோந்து பாப்பேன். உன் வாய் பட்டுச்சா, அந்தத் தடியன் வாய் பட்டுச்சான்னு எனக்குத் தெரிஞ்சுடும்."

"தெரியாது."

"துணியப் பாத்தே யார் படுத்ததுன்னு சொல்றவ நான்."

கமா விடைபெற்றார். வாசல்வரை வந்த தொப்பியின் அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உங்க மேல இருக்கற கோவம் இன்னும் போகல சார். போகும்போது சொல்லி அனுப்பறேன்."

"சரிங்க."

"அவ மேல வருவா. எழுதறது அவளுக்குப் பிடிச்சிருக்கு. அத நான் நிறுத்த மாட்டேன். நீங்க அவ எழுதினதப் பாருங்க, வேணாங்கல. கொஞ்சம் மூஞ்சியையும் பாருங்க."

அடுத்த சனிக்கிழமை கமா கதவை விரியத் திறந்து வைத்தார். இனிமேல் வாசலில் வாக்கியம் வேண்டாம் என்று அறிவித்தார். லிஃப்ட் ஒப்புக்கொள்ளவில்லை.

"அப்ப வாரம் பூரா நான் சேத்துவச்சத என்ன பண்றது? எங்கப்பா இந்த வாரம்தான் நல்லா பேசினாரு."

"உள்ள வந்து சொல்லு. யாரு சொன்னா, ஏன் சொன்னா, அதுக்கு அடுத்தது என்ன சொன்னாங்கன்னு எல்லாத்தையும் சேத்துச் சொல்லு."

"அவ்வளவு சொன்னா அது கதை ஆயிடும் அங்கிள்."

"ஆகட்டும்."

தொப்பி கடைசியாக வந்தாள். கதவு முழுக்கத் திறந்திருந்தும் பழக்கம் விடாமல் வாசலில் நின்றாள். கமா அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே தூக்கம் குறைந்த நிழல் இருந்தது. உதட்டோரம் ஒரு ரொட்டித் துணுக்கு ஒட்டியிருந்தது. அவள் ஏதோ கொண்டுவந்திருக்கிறாள் என்பதும் தெரிந்தது. முன்பெல்லாம் சொல்வதற்கு முன் இப்படித்தான் மூச்சைப் பிடிப்பாள். அந்த மூச்சை மெல்ல வெளியே விட்டாள்.

"இன்னிக்கு ஒண்ணும் கேக்கல அங்கிள்."

"பரவால்ல."

இனி காதில் விழுந்தாலும் கொண்டுவர மாட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. கொண்டுவர வேண்டும் என்று கேட்கும் உரிமையை அவர் தொலைத்துவிட்டார்.

அப்போது கீழிருந்து படிக்கட்டு வளைவு வழியாக அம்மாவின் குரல் ஏறி வந்தது.

"ஏய், ஏழு மணிக்குள்ள எறங்கிடணும். நான் கதவச் சாத்திட்டுத் தூங்கிட்டேன்னா உன்ன இடியே வந்து எறக்கினாலும் தெறக்க மாட்டேன், சொல்லிட்டேன். மேல குளிருதுன்னா தலைய மூடிக்கோ."

தொப்பி கமாவைப் பார்த்தாள். "இது பழசு" என்றாள்.

"இருக்கட்டும். உள்ள வா."

அவள் செருப்பைக் கழற்றினாள். கழற்றி முடிக்கும்வரை அவர் அங்கேயே நின்றார். குதிகால் தரையில் பட்டது; முழுதாகப் பட்டதா என்று சொல்ல முடியவில்லை, ஆனால் பட்டது. அவள் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தும்போது கமாவுக்குள் ஏதோ தன் பாட்டுக்கு முணுமுணுத்தது. இடியே வந்து எறக்கினாலும். இடி எப்படி இறக்கும்? நல்லா இருக்கே.

யாரோ பின்னால் நின்று கேட்டுவிட்டதுபோல அவருக்குக் காது சூடானது. தலையை இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டு மேசைக்குப் போனார்.